கீழக்கரைத் தங்கச்சியின் கேள்வி: பாலில் பூச்சிமருந்து இருக்கிறதா?

கீழக்கரையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். ஒன்றரை வயதுப் பையன், பத்து கிலோ எடை, தினமும் அரை லிட்டர் பசும்பால் குடிக்கிறான். ஊருக்கு வெளியே மாடு வைத்திருக்கும் ஒரு அண்ணன்தான் பால் ஊற்றுகிறார். அந்த மாடுகள் மிளகாய் வெள்ளாமை ஓரத்தில் மேய்வதைத் தங்கச்சியே பார்த்திருக்கிறார். பாலில் பூச்சிமருந்து என்று எங்கோ செய்தி படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. காய்ச்சினால் போய்விடுமா, பாக்கெட் பாலுக்கு மாறலாமா, பாலையே நிறுத்திவிடலாமா என்று மூன்று கேள்வி. கடைசி வரியில், ‘நான் இன்னும் தாய்ப்பாலும் கொடுக்கிறேன், அதிலும் இருக்குமா?’ என்று நான்காவது.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாலை நிறுத்த வேண்டாம். காய்ச்சினால் போகாது. பாக்கெட்டுக்கு மாறுவதால் இந்த ஒரு விஷயத்தில் பெரிய லாபம் கிடையாது. தாய்ப்பாலை இதற்காக ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். அவசரமாக இருப்பவர்கள் இதோடு போகலாம். ஏன் என்று தெரிந்தால்தான் தூக்கம் வரும் என்பவர்களுக்கு மீதியை எழுதுகிறேன். இந்த ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரைப் பக்கம் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கால்நடை மருத்துவராக இருந்தவன் நான். பாலை விட மாட்டை எனக்கு நன்றாகத் தெரியும். இந்தக் கேள்விக்கு அதுதான் உதவும்.

நம் பக்கத்தில் மிளகாய்க்கு அடிப்பதும் மருந்து, மாட்டு உண்ணிக்குத் தடவுவதும் மருந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கொடுப்பதும் மருந்து. மூன்றையும் ஒரே மாடக்குழியில் வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். இந்த ஒற்றைப் பெயரால் என்ன நடக்கிறது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

பூச்சிமருந்துகள் எல்லாம் ஒரே மாதிரி பாலுக்கு வருவதில்லை. டிடிடி, பிஎச்சி, எண்டோசல்பான் ஆகியவை ஆர்கனோகுளோரின் வகை. கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. அதிலும் டிடிடியும் பிஎச்சியும் மாட்டுக்குள் போனால் ஈரலால் லேசில் உடைக்க முடியாது. கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். கறவை மாட்டின் உடம்பிலிருந்து கொழுப்பு வெளியேறப் பெரிய வழி மடிதான். அதனால் பால் கொழுப்போடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக மாதக் கணக்கில் வரும். கன்று போட்ட புதிதில் இது கூடுதல். அப்போது பால் நிறைய சுரக்கும், தின்னும் தீனி அதற்கு ஈடுகொடுக்காது, மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்துப் பாலாக்கும். கன்று போட்ட ரெண்டு மாதத்தில் மாடு இளைத்துப்போவதை வளர்ப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். கொழுப்பில் முடங்கிக் கிடந்த பழைய சரக்கும் அப்போதுதான் கிளம்பி வரும்.

குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ், புரோபனோபாஸ் போன்றவை ஆர்கனோபாஸ்பரஸ் என்ற வேறு ரகம். ஆளையே கொல்லக்கூடியவை. ஆனால் மாட்டின் வயிறும் ஈரலும் சில நாட்களில் இவற்றை உடைத்துச் சிறுநீரில் தள்ளிவிடும். பாலுக்கு வருவது குறைவு, வந்தாலும் நாள் கணக்கில் நின்றுவிடும். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டுகள் ரெண்டுக்கும் நடுவில்: கொழுப்பை நாடும், ஆனால் உடம்பில் ஓரளவு உடையும். இன்றைக்கு மிளகாயில் இலைப்பேனுக்கு அடிக்கும் புது மருந்துகளில் இமிடாகுளோபிரிட் தண்ணீரோடு போய்விடும். ஃபிப்ரோனில் கொழுப்போடு தங்கும். ஆக, ‘பாலில் பூச்சிமருந்து’ என்று செய்தி வந்தால், எந்த மருந்து என்று கேட்காமல் பயப்படுவதில் அர்த்தமில்லை.

பழைய கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பயம் அங்கேதான் முளைத்தது. ராமேஸ்வரம் தீவும் பாம்பன் பக்கமும் மலேரியாவுக்குப் பேர்போன இடங்கள். மலேரியாக்காரர்கள் தோளில் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டுச் சுவரிலும் மாட்டுக் கொட்டகையிலும் டிடிடி அடித்துவிட்டு, கதவோரம் சாக்பீஸால் தேதி எழுதிவிட்டுப் போனதை வயதானவர்கள் இன்னும் சொல்வார்கள். அப்புறம் கமாக்சின் பவுடர். எறும்புக்கு, நெல் மூட்டைக்கு, மாட்டு உண்ணிக்கு, சில வீடுகளில் பிள்ளைகள் தலையில் பேனுக்குக்கூட அதைத்தான் போட்டார்கள். அது பிஎச்சி. அந்தப் பவுடரில் பூச்சியைக் கொல்லும் சரக்கு ஏழில் ஒரு பங்குகூட இருக்காது. மீதி எல்லாம் அதே வேதிப்பொருளின் வேறு வடிவங்கள், வேலைக்காகாத சகோதரர்கள். அதில் பீட்டா என்ற ஒருவன் மட்டும் உடம்பை விட்டுப் போகவே மாட்டான்.

இதன் விளைவு 1993-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில் தெரிந்தது. 12 மாநிலங்களில் எடுத்த 2,205 பால் மாதிரிகளில் 82 சதவீதத்தில் டிடிடி இருந்தது. அன்றைய வரம்பான கிலோவுக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டியவை 37 சதவீதம். இன்றும் பாலைப் பற்றி உலவும் பயமுறுத்தல்களில் பல இந்தக் காலத்து எண்களைத்தான் தூக்கிக்கொண்டு வருகின்றன. நடுவில் என்ன நடந்தது என்று யாரும் சொல்வதில்லை. டிடிடிக்கு 1989-ல் விவசாயத்தில் தடை வந்தது, கொசு ஒழிப்புக்கு மட்டும் விட்டுவைத்தார்கள். பிஎச்சி 1997-ல் போனது. எண்டோசல்பானை 2011 மே மாதம் உச்சநீதிமன்றம் நிறுத்தியது. பிஎச்சியில் பூச்சியைக் கொல்லும் சரக்கை மட்டும் பிரித்தெடுத்த லிண்டேனும் 2013-க்குள் போய்விட்டது. மண்ணிலும் கொழுப்பிலும் மிச்சம் இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் நம் ஊர் வெயிலில் அவை குளிர்நாட்டு மண்ணில் கிடப்பதுபோல் அவ்வளவு காலம் கிடப்பதில்லை; பாலில் அளவு வருஷத்துக்கு வருஷம் இறங்கித்தான் வந்திருக்கிறது.

சரி, இன்றைக்கு நம் கடற்கரையில் மாட்டுக்கு மருந்து எந்த வழியில் போகிறது?

உண்மையில் நம் மாவட்டத்துக்கு இதில் கொஞ்சம் அதிர்ஷ்டம். மானாவாரி நெல், கம்மாய்த் தண்ணீர், பனை, தென்னை, சீமைக்கருவேலங்காட்டு மேய்ச்சல். கருவேலங்காயைத் தின்று வளரும் மாட்டுக்கு யாரும் மருந்தடித்த தீனி போடவில்லை. உச்சிப்புளியிலிருந்து பெரியபட்டினம் வரை மணல் காட்டில் மேயும் நாட்டு மாட்டின் பாலைப் பற்றி எனக்கு இந்தக் கவலையே கிடையாது. ஒன்றரை லிட்டர்தான் கறக்கும், அது வேறு சங்கதி.

கவலை உள்ள இடம் கலப்பின மாடு, தீவனம் வாங்கிப் போட்டுக் கறக்கும் வீடு. பருத்திக்கொட்டையும் பருத்திப் புண்ணாக்கும் முதல் வழி. பருத்தி அளவுக்கு மருந்தடிக்கும் வெள்ளாமை குறைவு; கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் கரிசலில் போடுபவர்களைக் கேட்டால் எத்தனை தடவை அடித்தோம் என்று எண்ணிச் சொல்லிக்கொண்டே போவார்கள். எண்ணெய் வித்தில் கொழுப்பு உண்டு, கொழுப்பில் மருந்து தங்கும், ஆட்டியபின் புண்ணாக்கிலும் ஒரு பங்கு எண்ணெய் இருக்கும். ரெண்டாவது வைக்கோல். நம் ஊரில் மழை பொய்த்தால் வெளி மாவட்டத்திலிருந்து லாரியில் வரும். கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் நடுவே எத்தனை நாள் விட்டார்கள் என்று அந்த லாரிக்காரருக்குத் தெரியாது.

தங்கச்சி பயந்த மிளகாய்க் கொல்லை இதற்கெல்லாம் அப்புறம்தான். மாடு மிளகாய்ச் செடியை விரும்பித் தின்னாது. வரப்புப் புல்லில் காற்றில் பறந்துவந்து விழும் சாரல்தான் ஆபத்து. மருந்தடித்த வயலோரம் ரெண்டு வாரம் மேய்க்காமல் இருந்தால் பெரும்பாலானது முடிந்துவிடும். நம் முண்டு மிளகாய் ஐப்பசி, கார்த்திகை மழையில் தேறி மாசி, பங்குனியில் பழுக்கிறது; பூப்பூக்கும் நேரம்தான் தெளிப்பு அதிகம். அந்த மாதங்களில் மாடு எங்கே மேய்கிறது என்று பால் ஊற்றும் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

என்னைக் கேட்டால் இதையெல்லாம் விடப் பெரிய வழி உண்ணி மருந்து. இது தீனி வழியாக வருவதில்லை, நேராகத் தோலில் தடவப்படுகிறது.

ஒரு மாலை திருப்புல்லாணிக்குத் தெற்கே ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். ஜெர்சிக் கலப்பு, மூன்றாம் ஈத்து. நான் போகும்போது மாடு நின்றபடி நடுங்கிக்கொண்டிருந்தது. வாயிலிருந்து எச்சில் கயிறுபோல் தரை வரைக்கும். கண்மணி சுருங்கி ஒரு கோடாகிவிட்டது, வயிறு ஊதியிருந்தது. மதியம் என்ன செய்தீர்கள் என்றேன். ‘உண்ணி அப்பிக் கிடந்துச்சு சார், மருந்து அடிச்சோம்.’ என்ன மருந்து? அந்த வீட்டம்மா மாடக்குழியிலிருந்து எடுத்துக் காட்டியது வயலுக்கு வாங்கிய ஆர்கனோபாஸ்பரஸ் டப்பா. மிளகாய்க்கு அடித்து மிஞ்சியதை அதே ஸ்பிரேயரில் கலக்கி முதுகிலிருந்து மடி வரை நனைத்திருக்கிறார்கள். உண்ணிக்கும் மருந்து, பூச்சிக்கும் மருந்து, எல்லாம் மருந்துதானே. விஷமுறிவுக்கு அட்ரோபின் ஊசி போட்டு, சோப்புத் தண்ணீரில் ரெண்டு தடவை கழுவி, ராத்திரி பத்து மணி வாக்கில்தான் மாடு காதை ஆட்டியது. நான் கையைக் கழுவும்போது வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்: ‘சார், கறந்து வச்ச பாலை வீட்டுக்கு வேணாம். டீக்கடைக்கு ஊத்திரலாமா?’

அவரைத் திட்டினேன், அது தனி. ஆனால் கெட்ட மனிதர் இல்லை. நாலு லிட்டர் பால் அன்றைக்கு அவருக்கு நாலு நாள் தவிடு. கீழே ஊற்றச் சொன்னேன், ஊற்றினார். நான் போகாத வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்தால்தான் எனக்கே கொஞ்சம் கலக்கமாக இருக்கும்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. 2017-ல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் லட்சக்கணக்கான முட்டைகளைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். கோழிப்பேனுக்குத் தெளித்த மருந்தில் யாரோ ஃபிப்ரோனில் கலந்துவிட்டார்கள். அது கோழிக் கொழுப்பில் ஏறி மஞ்சள் கருவில் இறங்கியது. அத்தனை ஆய்வகம் உள்ள நாட்டிலும் கோளாறு தீவனத்திலிருந்து வரவில்லை, பேன் மருந்திலிருந்து வந்தது.

மாட்டுக்கென்றே விற்கும் உண்ணி மருந்துகள் உண்டு. எத்தனைக்கு எத்தனை தண்ணீர், தெளித்தபின் எத்தனை நாள் பாலை எடுக்கக் கூடாது என்று அட்டையில் அச்சிட்டிருக்கும். உண்ணிக்கும் குடற்புழுவுக்கும் போடும் ஐவர்மெக்டின் ஊசியைக் கறக்கிற மாட்டுக்குப் போடவே கூடாது, அது கொழுப்போடு வாரக்கணக்கில் பாலில் வரும். சின்ன அளவில் உண்ணி என்றால் வேப்பிலை, வசம்பு, பூண்டு, மஞ்சள் அரைத்துக் கரைத்துத் துணியால் துடைப்பது நன்றாகவே வேலை செய்கிறது. நான் படித்த காலத்தில் இதைச் சொன்னால் சிரித்திருப்பார்கள். இப்போது கால்நடைப் பல்கலைக்கழகமே பயிற்சி கொடுக்கிறது.

இனி கணக்கு. இதைச் செய்து பார்த்தால் பயம் தானாக அளவுக்கு வரும்.

பாலில் எவ்வளவு மருந்து, எவ்வளவு குடிக்கிறோம், நம் எடை எவ்வளவு, இந்த மூன்றும் போதும். டிடிடிக்குப் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்த வரம்பு, கிலோ பாலுக்கு 0.02 மில்லிகிராம். ஆயிரம் லிட்டர் பால் தொட்டியில் 20 மில்லிகிராம், அதாவது ஒன்றிரண்டு அரிசி மணியின் எடைதான். சரி, வரம்பின் விளிம்பு வரை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். தங்கச்சியின் மகன் அரை லிட்டர் குடித்தால் 0.01 மில்லிகிராம் உள்ளே போகும். பத்து கிலோ எடை, ஆகவே ஒரு கிலோ எடைக்கு 0.001. ஆயுள் முழுக்கத் தினம் போனாலும் தாங்கும் என்று உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் சேர்ந்த குழு 2000-ல் சொன்ன அளவு கிலோ எடைக்கு 0.01. பத்தில் ஒரு பங்கு. அதே பாலை அறுபது கிலோ எடையுள்ள தகப்பனார் 300 மில்லி குடித்தால் நூற்றில் ஒரு பங்கு.

நம் நாட்டு 2011 விதிமுறை இன்னும் தாராளம். டிடிடியைக் கொழுப்புக் கணக்கில் கிலோவுக்கு 1.25 மில்லிகிராம் என்று வைத்தது. 4 சதவீதக் கொழுப்புள்ள பாலில் அது 0.05 ஆகும். அந்த விளிம்பிலும் பையனுக்குப் போவது தாங்கும் அளவில் நாலில் ஒரு பங்கு.

இதில் ரெண்டு விஷயம் கவனியுங்கள். ஒரே பாலில் அப்பாவுக்கு ஒன்று, பிள்ளைக்குப் பத்து. பிள்ளை எடைக்குத் தகுந்த அளவை விட அதிகம் குடிக்கிறான், அதனால்தான் இந்தக் கணக்கை எப்போதும் பிள்ளையை வைத்தே போட வேண்டும். ரெண்டாவது, பால் மட்டுமே சாப்பாடு இல்லை. வெண்டைக்காய், கறிவேப்பிலை, மிளகாய், அரிசி எல்லாம் அதே தட்டில் தங்கள் பங்கைப் போடுகின்றன. பாலுக்கு நாலில் ஒரு பங்கு போனால் மீதி முக்காலை மற்றவை நிரப்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாங்கும் அளவு என்பதும் கல்லில் செதுக்கியது இல்லை. குளோர்பைரிபாஸுக்கு அந்தப் பன்னாட்டுக் குழு வைத்ததும் கிலோ எடைக்கு 0.01 மில்லிகிராம்தான். 2019-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், வளரும் பிள்ளையின் மூளையைக் கருத்தில் கொண்டால் இதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றைச் சொல்ல முடியாது என்றது. 2020-ல் அங்கே உரிமம் போனது. தமிழ்நாட்டில் இது சேர்ந்த ஆறு மருந்துகளை 60 நாட்களுக்கு விற்கக் கூடாது என்று ஒரு தடவை நிறுத்திப் பார்த்தார்கள்; தற்கொலைகளைத் தடுப்பதற்காக, பாலுக்காக இல்லை. நல்லவேளை, இந்த மருந்து பாலில் லேசில் தங்குவதில்லை. காய்கறியில் தங்கும்.

அடுப்படிக் கேள்விகள். காய்ச்சுவது கிருமிக்கு. கொழுப்பில் உட்கார்ந்த டிடிடிக்கு நூறு டிகிரி ஒரு சூடே இல்லை. பாஸ்சுரைசேஷனும் அப்படித்தான். சொல்லப்போனால் பாலைச் சுண்டக் காய்ச்சினால் தண்ணீர்தான் போகும், மற்றது அடர்த்தியாகும். ஆடையை எடுத்தால் ஆடையோடு கொஞ்சம் போகும், உண்மை. ஆனால் ஒன்றரை வயதுப் பிள்ளைக்குக் கொழுப்பு வேண்டும். ரெண்டு வயதுக்குள் ஆடை எடுத்த பாலைக் கொடுக்க வேண்டாம். பெரியவர்கள் நீலப் பாக்கெட் குடிப்பதும் ஆரஞ்சுப் பாக்கெட் குடிப்பதும் இந்தக் கணக்கில் வேறு வேறு: ஒன்றில் 3 சதவீதக் கொழுப்பு, மற்றதில் 6. எருமைப்பாலும் ஆரஞ்சுப் பாக்கெட் கணக்குத்தான். நெய்யில் அடர்த்தி ரொம்ப அதிகம், ஆனால் ஒரு சின்னக் கரண்டி நெய் 125 மில்லி பசும்பாலின் கொழுப்புக்குச் சமம், அவ்வளவுதான். சோற்றில் விடும் நெய்க்காக யாரும் பதறத் தேவையில்லை.

பாக்கெட் பால் பல ஆயிரம் மாட்டின் பால் ஒன்றாகக் கலந்தது. திருப்புல்லாணி மாடுபோல் ஒன்று இருந்தால் அதன் விஷம் கரைந்து காணாமல் போய்விடும். அது லாபம். ஆனால் எந்த மாடு என்ன தின்றது என்று யாரையும் கேட்க முடியாது. பக்கத்து அண்ணனின் பாலில் கலப்பு இல்லை; நல்லது கெட்டது ரெண்டும் நேராக உங்கள் வீட்டுக்கு வரும், ஆனால் கேள்வி கேட்க ஆள் இருக்கிறார். நான் கேள்வி கேட்க ஆள் இருக்கும் பக்கம்.

அந்த அண்ணன் வீட்டுக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். பாலை மோந்து பார்க்க வேண்டாம், லாக்டோமீட்டர் எடுத்துப் போக வேண்டாம், அது தண்ணீர் கலந்ததை மட்டும்தான் காட்டும். மாட்டுத் தொட்டிப் பக்கம் நில்லுங்கள். தவிடு அளக்க என்ன வைத்திருக்கிறார்? பூச்சிமருந்துக் கேனை நடுவில் அறுத்துப் படியாக்கி வைத்திருக்கும் கொட்டகைகள் நான் பார்த்தவரை நிறைய. எவ்வளவு கழுவினாலும் அந்தப் பிளாஸ்டிக் மருந்தை விடாது. ஒரு பழைய சொம்பு வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்படியே புண்ணாக்குச் சாக்கையும் திறந்து பார்த்துவிடுங்கள். நீங்கள் கேட்காத ஒன்று அங்கே இருக்கிறது. நான் இவ்வளவு எழுதியதே அதற்காகத்தான் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

மழை மாதத்தில் கடற்கரைக் காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்து எதையும் காயவிடாது. மண் தரையில் சுவரோரம் சாத்திய கடலைப் புண்ணாக்குச் சாக்கின் அடியில் கையை விட்டால் கதகதப்பாக இருக்கும். கட்டியை உடைத்தால் பச்சையும் மஞ்சளுமாகப் பூசணம், மூக்கைத் துளைக்கும் ஒரு வாடை. அதில் வளரும் பூஞ்சை அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை விடுகிறது. மாடு தின்றால் அதில் ஒரு சிறு பங்கு, எம்1 என்ற உருவில், மறுநாளே பாலில் வந்துவிடும். கல்லீரலைக் குறிவைக்கும் நஞ்சு. காய்ச்சினாலும் போகாது, பாஸ்சுரைஸ் செய்தாலும் போகாது. பூசணக் கட்டியை வெயிலில் காயவைத்துப் போடுவார்கள். பூஞ்சை சாகும், நஞ்சு அப்படியே இருக்கும்.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் 1,103 ஊர்களில் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. கலப்படம் என்று எல்லோரும் பயந்ததில் 12 மாதிரிதான் சிக்கியது. கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் என்ற எம்1 வரம்பைத் தாண்டியவை 368. மாநிலங்களில் முதல் இடம் நமக்கு: தமிழ்நாட்டில் எடுத்த 551-ல் 88. அதுவும் கறந்த பாலை விடப் பதப்படுத்திய பாலில் அதிகம். பூச்சிமருந்துக்குப் பயந்து பாக்கெட்டுக்கு ஓடுபவர்களுக்கு நான் இந்த எண்ணைத்தான் காட்டுவேன். ஐரோப்பாவில் வரம்பு இதில் பத்தில் ஒரு பங்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதில் ஒரு நல்ல சேதி உண்டு. டிடிடிபோல் இது கொழுப்பில் குடியேறுவதில்லை. பூசணம் பிடித்த தீவனத்தை நிறுத்தினால் மூன்று நாலு நாளில் பால் சுத்தமாகிவிடும். மாடு வளர்ப்பவர் செய்ய வேண்டியது சாக்கைத் தரையிலிருந்து தூக்கிப் பலகைமேல், சுவரைத் தொடாமல் வைப்பது, மழை மாதத்தில் ஒரு வாரத்துக்கு மேல் வாங்கிச் சேர்க்காமல் இருப்பது. பத்து ரூபாய் செலவில்லாத வேலை.

வீட்டுக்குள்ளும் ஒரு பார்வை. பால் பாத்திரத்தைச் சுற்றி எறும்பு சாக்பீஸால் கோடு போடும் பழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அந்த சாக்பீஸில் இருப்பது சைபர்மெத்ரின் அல்லது டெல்டாமெத்ரின். மாட்டுக் கொட்டகை வழியாகச் சுற்றி வரும் மருந்தை விட, தவழும் பிள்ளையின் உள்ளங்கை வழியாக வாய்க்குப் போவது எத்தனையோ மடங்கு. பாத்திரத்தை ஒரு தட்டுத் தண்ணீரில் வையுங்கள், பாட்டிமார் செய்த மாதிரி.

தாய்ப்பாலுக்கு வருகிறேன். இருக்குமா என்றால், இருக்கும். மாடு புல் தின்கிறது. நாம் அந்த மாட்டின் பாலையும் கடல் மீனையும் தின்கிறோம், அதனால் தாயின் கொழுப்பில் இந்தப் பழைய ஆர்கனோகுளோரின்கள் மாட்டை விடக் கூடுதலாகவே சேர்ந்திருக்கும். அது தெரிந்தும்தான் உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், ரெண்டு வயதும் தாண்டி மற்ற உணவோடு சேர்த்துத் தாய்ப்பால் என்று சொல்கிறது. தாய்ப்பால் தரும் எதிர்ப்புச் சக்தியோடு ஒப்பிட்டால் இந்த மிச்சம் எடைபோட முடியாத அளவு. ஒன்றே ஒன்று: பால் கொடுக்கும் காலத்தில் எடை குறைக்கிறேன் என்று பட்டினி கிடக்க வேண்டாம். இளைக்கும் மாட்டுக்குச் சொன்னதே நமக்கும். கொழுப்பு கரைந்தால் அதில் கிடப்பதும் சேர்ந்து வரும்.

சோதித்தே ஆக வேண்டும் என்றால் வீட்டு கிட் எதையும் நம்பாதீர்கள். பூச்சிமருந்தின் மிச்சத்தைப் பார்க்க ஆய்வகக் கருவி வேண்டும், தனியாரிடம் ஒரு மாதிரிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 40-வது பிரிவின்படி, வாங்கிய உணவைப் பணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் நீங்களே சோதிக்கக் கொடுக்கலாம். தவறு இருந்தால் கட்டிய பணம் திரும்பி வரும். மாவட்ட நியமன அலுவலரிடம் முதலில் கேளுங்கள். ஒரு நாள் பாலைக் கொடுத்தால் ஒரு நாள் கதைதான் தெரியும். கொடுப்பதாக இருந்தால் கார்த்திகை, மார்கழியில், அடைமழைக்குப் பின் கொடுங்கள். எம்1-ஐயும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.